கோபத்தைக் கையாளவும் பழக வேண்டும்: வகுப்பறையில் சமூக உணர்வுக் கற்றல், ஓர் எளிய அறிமுகம்

பள்ளி மாணவர்கள் சம்பந்தப்பட்ட ஒரு கசப்பான செய்தி வந்தால் போதும், டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை ஒரே தீர்வுதான் ஒலிக்கும்: "அந்தக் காலத்துல நீதி போதனை வகுப்பு இருந்துச்சு. அதை எடுத்தாங்க, பிள்ளைங்க கெட்டுப்போச்சுங்க." இன்னொரு பக்கம் தனியார் பள்ளி விளம்பரங்களில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்பது நீச்சல் குளத்துக்கும் ஏ.சி. வகுப்பறைக்கும் நடுவில் ஒரு வசதியாக அச்சாகிறது. மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு: "அடிக்காதே, திட்டாதேன்னு சொல்லிச் சொல்லியே தலைமேல ஏத்தி வெச்சாச்சு. இதுல உணர்வு வேறயா?"

மூன்று தரப்பும் ஒன்றைப் பற்றியே பேசுவதாக நினைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்த ஒன்று என்னவென்று யாரும் நின்று சொல்வதில்லை. இங்கே அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

தன் மனநிலையை அறிந்து கையாள்வது, அடுத்தவர் நிலையைப் புரிந்துகொள்வது, சேர்ந்து வேலை செய்வது, யோசித்து முடிவெடுப்பது: இவற்றுக்கான திறன்களைப் பிள்ளைகள் படிப்படியாகப் பழகுவதுதான் சமூக உணர்வுக் கற்றல். எழுதப் படிக்கப் பழகுவதைப் போல இதுவும் பழக்கத்தால் வருவது. பிறவிக் குணம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இதன் வேர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தை மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், 1968-ல் அங்கே ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த 2 தொடக்கப் பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். படிப்பிலும் ஒழுங்கிலும் பின்தங்கியிருந்த பள்ளிகள் அவை. பிள்ளைகளிடம் குறை இருக்கிறது என்று அவர் தொடங்கவில்லை. வீடு பழக்கியதற்கும் பள்ளி எதிர்பார்ப்பதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது, அதை யாரும் கற்றுக்கொடுத்து நிரப்பவில்லை என்று பார்த்தார். பெற்றோர், ஆசிரியர், மனநலப் பணியாளர் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார். 1994-ல், இந்தக் கற்றலைப் பள்ளிகளில் பரப்புவதற்கென 'கேசல்' என்ற அமைப்பு உருவானபோதுதான் இந்தத் துறைக்கு இன்றைய பெயர் நிலைத்தது.

முதலில், எதெல்லாம் இது இல்லை

பத்து வயதுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள்: "கோபம் வந்தா அடிக்கலாமா?" "அடிக்கக் கூடாது டீச்சர்" என்று பளிச்சென்று சொல்வான். அன்று மத்தியானமே தண்ணீர்க் குழாயடியில் யாராவது வரிசையில் புகுந்தால் அடித்தும் விடுவான். அவனுக்கு விடை தெரியும். கை ஓங்கிய அந்தக் கணத்தில் அந்த விடை அவனுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். நீதி போதனை வகுப்பு விடையைச் சொல்லிக்கொடுக்கிறது. அதை எட்டிப் பிடிக்கும் பழக்கத்தை அது தருவதில்லை. நல்ல கதைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கதைக்குப் பிறகு ஒரு பயிற்சி வேண்டும்.

சத்தமில்லாத வகுப்பும் இது ஆகாது. ஆசிரியர் பிரம்போடு நிற்கும்போது வரும் அமைதி பயத்தின் வேலை. அவர் ஸ்டாஃப் ரூமுக்குப் போன பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பிள்ளைகளின் திறன் தெரிந்துவிடும்.

பிள்ளைகளை ஓயாமல் புகழ்வதும் ஆகாது. கலிபோர்னியா மாநில அரசு 1986-ல் தன்மதிப்பை வளர்ப்பதற்கென்றே ஒரு சிறப்புக் குழு அமைத்தது. தன்னைப் பற்றிப் பெருமையாக நினைக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும், வம்புக்குப் போகாது என்பது அன்றைய நம்பிக்கை. ராய் பாமைஸ்டரும் சக உளவியலாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2003-ல் அலசியபோது, தன்மதிப்பை உயர்த்துவதால் மதிப்பெண் உயர்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நன்றாகப் படிப்பதால் தன்மதிப்பு வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பலூன் ஊதவிட்டுக் கைதட்ட வைத்து, "என்னால் முடியும்" என்று கத்தவிட்டுப் போகும் ஒருநாள் தன்னம்பிக்கைப் பயிற்சிகளுக்குப் பணம் கட்டும் பள்ளிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

சுருக்கமாக: உபதேசம், அதட்டல், புகழ்ச்சி மூன்றும் வகுப்பறையில் அவரவர் தேவைக்கு இருந்துவிட்டுப் போகட்டும். சமூக உணர்வுக் கற்றல் என்பது நான்காவது வேலை, ஒரு திறனைப் பழக்குகிற வேலை.

கிணற்றில் நீச்சல் பழகிய கதை

ஊர்க் கிணற்றில் நீந்தக் கற்றவர்களுக்குத் திறனைப் பழக்குவது என்றால் என்னவென்று விளக்கவே வேண்டாம். முதல் நாள் முதுகில் சுரைக்குடுவையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டுவார்கள். மாமாவோ அண்ணனோ கூடவே தண்ணீரில் இறங்கி வயிற்றுக்குக் கீழே கை கொடுப்பார். பயத்தில் உடம்பு விறைக்கும், விறைத்தால் முங்கும். "ஒண்ணும் ஆகாது, உடம்பை லேசா விடு, காலை அடி" என்று காதருகே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாளில் அந்தக் கை கொஞ்சம் விலகும். பிறகு கேனைக் கட்டிய கயிறு தளரும். ஒருநாள் கேனே இல்லாமல் படியிலிருந்து குதித்துக்கொண்டிருப்போம்.

கவனியுங்கள்: பழகியது தண்ணீருக்குள், கிணற்று மேட்டில் உட்கார்ந்து இல்லை. கற்றுக்கொடுத்தவர் பதறவில்லை, பதறியிருந்தால் இரண்டு பேரும் மூழ்கியிருப்பார்கள். தாங்கிய கை ஒரேயடியாகவும் விலகவில்லை, கடைசிவரை தாங்கிக்கொண்டும் இருக்கவில்லை. வகுப்பறையில் நடக்க வேண்டியது இதே வரிசையில்தான்.

மேலேயிருந்து பிடித்துத் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுத்த மாமாக்களும் இருந்தார்கள். அப்படித் தள்ளப்பட்டு நீந்தி மேலே வந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். தண்ணீர்ப் பக்கமே போகாமல் ஒதுங்கியவர்கள் கதை சொல்வதில்லை. "வாத்தியார் அடிச்ச அடியாலதான் நான் இன்னைக்கு இந்த நிலைமையில இருக்கேன்" என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது, எட்டாவதோடு பள்ளியை விட்ட அவருடைய வகுப்புத் தோழர் அந்த மேடையில் இல்லை என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

தலைக்குள் நடப்பது என்ன

ஏழாம் வகுப்பு, கணக்குப் பாடம். முக்காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு? ஒரு பெண்ணைக் கரும்பலகைக்கு அழைக்கிறார் ஆசிரியர். நேற்று இரவு வீட்டில் இதே போன்ற ஐந்து கணக்குகளைச் சரியாகப் போட்டவள் அவள். சாக்பீஸை எடுக்கும்போது பின்பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு. கை நின்றுவிடுகிறது, ஒன்றும் ஓடவில்லை.

ஒரு வேலையைச் செய்து முடிக்கும்வரை அதற்கு வேண்டியதை மனம் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடத்துக்குச் செயல் நினைவகம் என்று பெயர். மிகச் சிறிய இடம் அது, ஒரு நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் கொள்ளும். பொது மடங்கு 12, முக்கால் என்பது பன்னிரண்டில் ஒன்பது, ஆறில் ஒன்று என்பது பன்னிரண்டில் இரண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும்: இதற்கே இடம் நிரம்பிவிட்டது. இப்போது 'சிரிச்சது யாரு? தப்பாப் போட்டா மிஸ் திட்டுவாங்களா?' என்ற இரண்டு எண்ணங்கள் உள்ளே நுழைகின்றன. கணக்கின் இரண்டு துண்டுகள் வெளியே விழுகின்றன. பார்ப்பவருக்கு அவள் படிக்காமல் வந்தவளாகத் தெரிகிறாள்.

அந்தச் சிரிப்புக்கு இவ்வளவு சக்தி எங்கிருந்து வந்தது? மூளையின் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, பாதாம் பருப்பு அளவில் இருக்கும் பகுதி அமிக்டலா. ஆபத்தின் அறிகுறியை வேகமாக மோப்பம் பிடித்து உடம்பைத் தயார் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இதயம் படபடக்கும், மூச்சு வேகமாகும், தசை இறுகும். பாம்புக்கு மட்டும் அது இப்படி எழுவதில்லை, நாற்பது பேர் முன்னால் அவமானப்படுவதும் பிள்ளைக்கு ஆபத்துதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நெற்றிப் புறணி என்ற பகுதி நிதானம், திட்டமிடல், செயல் நினைவகம் ஆகியவற்றைக் கவனித்துக்கொள்கிறது. பதற்றம் மிஞ்சும்போது அதன் வேலை தளர்கிறது. அந்தப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறக்குறைய 25 வயது ஆகிறது. நம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அதில் பாதி வயதுகூட ஆகவில்லை.

'உணர்ச்சி மூளை', 'அறிவு மூளை' என்று இரண்டு மூளைகள் மல்லுக்கட்டுவதாக வரையப்படும் வாட்ஸ்அப் படங்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று பின்னிப் பேசிக்கொண்டே இருப்பவை. உணர்ச்சி படிப்புக்கு எதிரியும் இல்லை. ஆர்வமும் ஒரு உணர்ச்சிதான், தேர்வுக்கு முன் வரும் லேசான படபடப்பு பலருக்கு உதவத்தான் செய்கிறது. எல்லை மீறிய பதற்றத்தைத் தணிப்பதுதான் நமக்கு வேண்டியது.

தணிப்பதற்கு ஓர் எளிய வழியை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர், கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, பார்ப்பவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். அந்த முகத்தில் தெரிந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது, முன்நெற்றிப் பகுதியில் ஓரிடம் கூடுதலாக இயங்கியது. 2007-ல் வந்த ஆய்வு இது.

நம் பிள்ளைகளிடம் "என்னாச்சு?" என்று கேட்டால் வரும் பதில்கள் இரண்டு: "கடுப்பா இருக்கு", "ஒரு மாதிரியா இருக்கு". அந்தக் கடுப்புக்குள் ஏமாற்றம் இருக்கலாம், அவமானம் இருக்கலாம், தம்பிக்கு மட்டும் புதுச் சட்டை எடுத்த பொறாமை இருக்கலாம், காலையில் சாப்பிடாத பசியும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பசிக்கு அறிவுரை சொல்லி என்ன பயன்? அதனால்தான் உணர்வுகளுக்கான சொற்களைப் பிள்ளைகளுக்குக் கூட்டிக் கொடுப்பது இந்தக் கற்றலின் முதல் படியாக இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறையில் மனநிலையை நான்கு வண்ணக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் வேகம் அதிகம், மனம் சரியில்லை. நீலம், வேகமும் இல்லை, மனமும் சரியில்லை. மஞ்சள் துள்ளல், பச்சை அமைதி. கதவருகே ஒரு சார்ட் ஒட்டி, உள்ளே வரும் பிள்ளை ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு வரட்டும். வகுப்பு முழுவதற்கும் இரண்டு நிமிடம் போதும். அன்று யாரை முதலில் கரும்பலகைக்கு அழைக்கக் கூடாது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: பதற்றம் கூடும்போது செயல் நினைவகத்தில் பாடத்துக்கு இடமில்லாமல் போகிறது. உணர்வுக்குப் பெயர் சொல்லப் பழகுவது அதைத் தணிக்க உதவலாம். ஆகவே இது படிப்பை ஒதுக்கிவைத்துவிட்டுச் செய்யும் வேலை இல்லை.

ஐந்து திறன்கள், ஒரு சண்டை

கேசல் அமைப்பு இந்தத் திறன்களை ஐந்தாக வகுத்திருக்கிறது. பட்டியலாகப் படித்தால் மறந்துபோகும், ஒரு சண்டையில் வைத்துப் பார்க்கலாம். நான்கு பேர் சேர்ந்து சார்ட் வரைகிறார்கள். ஒருவன் ஸ்கெட்ச் பேனாவை இன்னொருத்தியிடமிருந்து பிடுங்குகிறான்.

அவளுக்குக் கன்னம் சூடாவது தெரிகிறது: தன்னை அறிதல். கையை ஓங்காமல் ஒரு மூச்சு இழுத்து விடுகிறாள்: தன்னைக் கையாளுதல். அவன் இதுவரை ஒரு கோடுகூட வரைய வாய்ப்பு கிடைக்காமல் உட்கார்ந்திருந்தான் என்று கவனிக்கிறாள்: பிறர் நிலையை உணர்தல். "கேட்டா குடுத்திருப்பேன்ல? நான் மேப் முடிக்கிறேன், நீ கலர் அடி" என்கிறாள்: உறவைப் பேணுதல். மிஸ்ஸிடம் போய் மாட்டிவிடுவதா, இங்கேயே முடிப்பதா என்று எடைபோட்டது: பொறுப்போடு முடிவெடுத்தல்.

எந்தப் பிள்ளையும் இதை முதல் நாளே செய்துவிடாது. பெரும்பாலான நாட்களில் மூன்றாவது படிக்கு முன்பே பேனா உடைந்திருக்கும். உடைந்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் பாடம்.

முதலில் நிதானமாக வேண்டியவர் ஆசிரியர்

இன்னும் பழகாத பிள்ளை பதற்றத்தில் இருக்கும்போது தானாக நிதானத்துக்குத் திரும்புவது கடினம். அருகில் இருக்கும் பெரியவரின் குரலையும் முகத்தையும் பிடித்துக்கொண்டுதான் அது திரும்புகிறது. இதைத் துணைநின்று நிதானப்படுத்தல் என்று சொல்லலாம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது இதன் முதல் வடிவம். ஆறாம் வகுப்புப் பையனைத் தோளில் போட முடியாது, குரலால்தான் செய்ய வேண்டும்.

"ஏன்டா அப்படிப் பண்ண? வெட்கமா இல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் அவன் என்ன சொல்ல முடியும்? 'ஏன்' என்பதற்குக் காரணம் யோசிக்கும் பகுதிதான் அந்த நேரத்தில் தளர்ந்து கிடக்கிறது. ஒன்று பொய் சொல்வான், இல்லையென்றால் முறைப்பான். முறைத்ததற்குத் தனியாக ஒரு தண்டனை கிடைக்கும். இதற்குப் பதிலாக இப்படி நடக்கலாம்:

"தம்பி, வா, என்கூட கொஞ்சம் வராண்டாவுக்கு. தண்ணி குடி முதல்ல."

"அவன்தான் சார் மொதல்ல..."

"சரி, கேக்குறேன். மூச்சு வாங்குது பார் உனக்கு. உட்காரு. ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பேசுவோம்."

இரண்டு நிமிடம் கழித்து: "என்ன நடந்துச்சு? அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு? அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இப்போ இதைச் சரி பண்ண என்ன செய்யலாம்?"

நான்கு கேள்விகள்தான். உடைத்த பேனாவுக்கு அவன் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் தளர்வே இல்லை. கண்டிப்பு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் கடைசிக் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள். தண்டனையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் ஏறி நிற்பதைவிட அது கடினமானது.

இந்தியாவில் 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், அதன் 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனால் பிரம்பைக் கீழே போடச் சொன்ன அளவுக்கு, அந்த இடத்தில் எதை எடுப்பது என்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை. ஆசிரியர்களின் எரிச்சலில் பாதி இங்கிருந்து வருகிறது, அது நியாயமான எரிச்சல். நாற்பது பேர் வகுப்பு, பதிவேடுகள், செயலியில் ஏற்ற வேண்டிய தகவல்கள், தேர்தல் பணி என்று திணறுகிறவரிடம் "நீங்கள் முதலில் நிதானமாக இருங்கள்" என்று சொல்வது சுலபம். அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும், "நான் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க டீச்சர்" என்று சொல்லும் ஒரு தலைமையாசிரியரும் வேண்டும்.

பாடத்துக்குள்ளேயே வைப்பது

"இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு? போர்ஷன் முடிக்கணும்" என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்று 1971-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரம். அதுவரை இனம் பிரித்து நடத்தப்பட்ட பள்ளிகளில் வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வீட்டுப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். நாள்தோறும் அடிதடி. உளவியலாளர் எலியட் ஆரன்சனை உதவிக்கு அழைத்தார்கள். அவர் முதலில் செய்தது, வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததுதான்.

அவர் பார்த்தது நமக்கும் பழக்கமான காட்சி. ஆசிரியர் கேள்வி கேட்கிறார். சில கைகள் துடிப்பாக உயர்கின்றன. ஒருவனை எழுப்புகிறார். மற்ற கைகள் ஏமாற்றத்தோடு இறங்குகின்றன, அவன் தப்பாகச் சொல்லட்டும் என்ற ஆசையோடு. அடுத்தவன் தோற்றால்தான் நான் ஜெயிப்பேன் என்று வகுப்பின் அமைப்பே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த அமைப்பை வைத்துக்கொண்டு ஒற்றுமை பற்றி எத்தனை சொற்பொழிவு ஆற்றினாலும் ஏறாது.

ஆரன்சன் அமைப்பை மாற்றினார். ஐந்தாறு பேர் கொண்ட கலவையான குழுக்கள். பாடமும் அத்தனை துண்டுகள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான். ஒரே துண்டு கிடைத்தவர்கள் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து சேர்ந்து அதை நன்றாகப் படித்துத் தெளிவார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் முழுப் பாடத்துக்கும் எல்லோருக்கும் தேர்வு. ஆங்கிலம் தடுமாறும் பையனைக் கேலி செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒன்று புரிந்தது: அவன் வாயிலிருந்து வந்தால்தான் நமக்கு அந்தப் பகுதி தெரியும். கேலியை விட்டுவிட்டு, அவன் சொல்ல வசதியாகக் கேள்வி கேட்கப் பழகினார்கள். இந்த முறையில் படித்த வகுப்புகளில் பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனது, பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண்ணும் கூடியது. துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் ஜிக்சா விளையாட்டை வைத்து, ஜிக்சா வகுப்பறை என்று இதற்குப் பெயர்.

நம் சமூக அறிவியல் பாடத்தில் காவிரி வருகிறது என்று வையுங்கள். தலைக்காவிரி ஒருவருக்கு, பவானியும் அமராவதியும் வந்து சேரும் கதை ஒருவருக்கு, மேட்டூர் அணை ஒருவருக்கு, கல்லணை ஒருவருக்கு, டெல்டாப் பாசனம் ஒருவருக்கு. போர்ஷனும் முடியும். பச்சாதாபம் என்ற சொல்லை யாரும் உச்சரிக்காமலே அதற்கான பயிற்சியும் நடந்துவிடும். குழுவை மட்டும் ஆசிரியர்தான் பிரிக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் தெருவாரியாகப் பிரிந்துகொள்வார்கள்.

இன்னும் சிறிய மாற்றம் ஒன்று உண்டு. கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒலிப்பதிவுகளை வைத்துக் கண்டார். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்ணுவதற்குச் செலவே இல்லை. செய்து பார்த்தால்தான் அந்த மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

சுருக்கமாக: தனியாக நேரம் ஒதுக்க முடியாவிட்டாலும், பாடம் நடத்தும் விதத்தை மாற்றினால் அதற்குள்ளேயே இந்தத் திறன்களுக்குப் பயிற்சி கிடைத்துவிடும்.

அப்படியானால் தனிப் பீரியடு வேண்டாமா?

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தலாய் லாமா தொடங்கிவைத்த 'மகிழ்ச்சி வகுப்பு' தினமும் ஒரு பீரியடாக வந்தது. நர்சரி முதல் 8-ஆம் வகுப்பு வரை, தேர்வு கிடையாது. மூச்சைக் கவனிப்பது, கதை, கலந்துரையாடல், செயல்பாடு என்று நடந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2024-ல் வந்த 'மகிழ் முற்றம்', பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. வகுப்பு வித்தியாசம் தாண்டிப் பழக நல்ல வழி. புள்ளிக் கணக்குப் போட்டியாக மட்டும் சுருங்கினால் ஆரன்சன் பார்த்த பழைய வகுப்பே திரும்ப வரும்.

இப்படிப்பட்ட திட்டங்கள் பலன் தருகின்றனவா? ஜோசப் டர்லாக்கும் குழுவினரும் 2011-ல் 213 பள்ளித் திட்டங்களை, ஏறக்குறைய 2,70,000 மாணவர்களின் தரவுகளோடு அலசினார்கள். நடத்தையும் திறன்களும் மேம்பட்டன. படிப்பில் கிடைத்த முன்னேற்றத்தை இப்படிச் சொல்லலாம்: நூறு பேரைத் தேர்ச்சிப்படி கீழிருந்து மேலாக நிறுத்தினால், நடுவில் 50-ஆம் இடத்தில் நிற்பவர் 61-ஆம் இடத்துக்கு ஏறியிருப்பார். சுமாரான ஏற்றம்தான், ஆனால் கணக்குப் பாடமே நடத்தாமல் கிடைத்த ஏற்றம் அல்லவா?

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தின் மேல்நிலைப் பள்ளிகளில் 2007-ல் பரவலாக வந்த அரசுத் திட்டம் ஒன்றை 2010-ல் மதிப்பிட்டபோது, பிள்ளைகளின் திறன்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பள்ளிகள் தத்தம் விருப்பப்படி அங்கொன்று இங்கொன்றாகச் செய்திருந்தன. அதே நாட்டில் 11 முதல் 14 வயதுக்கு உட்பட்ட 8,000 மாணவர்களிடம் மனக்குவிப்புப் பயிற்சியை (மூச்சிலும் அந்தக் கணத்திலும் கவனத்தை நிறுத்தும் பயிற்சி) சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. வழக்கமாகப் பள்ளி செய்வதைவிடக் கூடுதல் பலன் இல்லை.

பலன் தந்த திட்டங்களில் நான்கு அம்சங்கள் இருந்ததை டர்லாக் குழு கவனித்தது: படிப்படியான வரிசை, பிள்ளைகள் தாங்களே செய்து பழகுதல், அதற்கென ஒதுக்கிய நேரம், எந்தத் திறன் என்பதில் தெளிவு. என் கருத்து இதுதான்: தனிப் பீரியடு நல்ல தொடக்கம். ஆனால் அடுத்த பீரியடில் டஸ்டர் பறந்தால், பிள்ளைகள் மனதில் நிற்பது டஸ்டர்தான்.

கோபம் நியாயமானதாக இருந்தால்?

சமூக உணர்வுக் கற்றல் என்ற பெயரில் 'உணர்வு' மட்டும் பேசப்பட்டு 'சமூகம்' கழன்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த 12-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் வீட்டுக்குள் புகுந்து வெட்டப்பட்டார், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் அவருடைய பள்ளி மாணவர்களே இருந்தார்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவது போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன.

கயிறு கட்டிய கூட்டம் தினமும் சீண்டும் ஒரு பிள்ளையிடம் "மூச்சை இழுத்து விடு, கோபத்தைக் கட்டுப்படுத்து" என்று மட்டும் சொன்னால் அது கற்பித்தல் ஆகாது, வாயடைத்தல். அந்தக் கோபம் அவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது. அதைத் தனக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாமல், யாரிடம், எப்படிச் சொல்வது என்பது அவன் கற்க வேண்டிய திறன். சீண்டுகிறவர்கள் கற்க வேண்டியது அதைவிட அதிகம். சொன்னால் நடவடிக்கை எடுப்பது பள்ளியின் கடமை. இந்த மூன்றில் கடைசியை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் நடத்தும் பள்ளியைப் பிள்ளைகள் வெகு சீக்கிரம் கண்டுகொள்வார்கள்.

ஆசிரியரின் எல்லை

வகுப்பாசிரியர் மனநல ஆலோசகர் இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்குமான அன்றாடப் பழக்கம் அவருடைய வேலை. சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அறிகுறி தெரிந்தாலோ, வேறு கைகளிடம் சேர்க்க வேண்டும். மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098, தமிழ்நாட்டில் கல்வி தொடர்பான உதவிக்கு 14417. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று எழுதிய பெட்டி இருக்கும். அது திறக்கப்படுகிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

ஒரு பிள்ளை தனியாக வந்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க மிஸ்" என்றால், சத்தியம் செய்யக் கூடாது. "உன்னைப் பாதுகாக்க யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு மட்டும் சொல்லுவேன் கண்ணு" என்பதுதான் நேர்மையான பதில். பாலியல் துன்புறுத்தல் என்றால், 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும்.

இதற்கு மதிப்பெண் போடலாமா?

கூடாது. 'பணிவு: பி கிரேடு' என்று ரேங்க் கார்டில் எழுதினால் பிள்ளை பணிவைப் பழகாது, பணிவாக நடிக்கப் பழகும். ஆனால் ஆசிரியர் தன் வகுப்பைக் கவனிக்க வழிகள் இருக்கின்றன. மதிய இடைவேளைக்குப் பின் வகுப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? "புரியல சார்" என்று கூச்சமில்லாமல் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்களா? தன்னிடம் வராமலே தீர்ந்துபோகும் சண்டைகள் உண்டா?

யாக்கோப் மொரேனோ 1930-களில் உருவாக்கிய ஒரு முறை நமக்கு இன்றும் உதவும். ஒவ்வொரு பிள்ளையும் தான் யார் யாரோடு சேர்ந்து உட்கார விரும்புகிறது என்று மூன்று பெயர்களைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, யார் யாரை விரும்பினார்கள் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். அம்பே வந்து சேராத பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். அடுத்த குழு வேலையில் அவர்களை யாரோடு சேர்ப்பது, எந்தத் துண்டை அவர்கள் கையில் கொடுப்பது என்று அந்தத் தாளே காட்டிவிடும். தாள் பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடாமல் பத்திரமாக வைத்து, அரையாண்டு முடிந்து வந்ததும் இன்னொரு முறை சீட்டு எழுதச் சொல்லுங்கள்.